ஒண்ணுக்கு வந்தால் அடக்க முடியவில்லையா? ஆளுக்கு ஏற்றபடி சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. "வயசாயிருச்சு, அடக்க முடியல" என்று ஆச்சிமார் அதோடு முடித்துக்கொள்வார்கள். அப்புறம் கல்யாண வீட்டுக்குப் போவது குறையும். பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பலாம் என்றால் கால் வலிக்கிறது என்பார்கள். மதுரை பஸ்ஸில் ஏறும் நாளில் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஐயாக்களோ அதுவும் சொல்வதில்லை, வேட்டியைக் கூடுதலாக மாற்றிக்கொள்வதோடு சரி.

வயது ஆக ஆக இது அதிகம் வருகிறது, உண்மைதான். ஆனால் வயதானால் வந்தே தீரும் என்பதில்லை. வந்தவர்களிலும் பெரும்பாலானோருக்குக் கணிசமாகக் குறைக்க முடியும். ஒரே மாத்திரையை எல்லோருக்கும் எழுதினால் மட்டும் குறையாது. அறுபது வயது ஆச்சிக்கு நல்லது செய்யும் மாத்திரை, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கிய ஐயாவுக்கு நீரையே அடைத்துவிடலாம். அதனால் என்ன மருந்து என்று கேட்பதற்கு முன்னால், யாருக்கு, எதனால் என்று பார்த்துவிட வேண்டும்.

எந்த வகைக் கசிவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வயது வந்தவரின் சிறுநீர்ப்பை சுமார் 300 முதல் 500 மி.லி. வரை தாங்கும். நிரம்பும்வரை அதன் சுவர்த் தசை தளர்ந்திருக்கும், நாம் உட்கார்ந்த பிறகுதான் சுருங்கும். மிகைச் செயல் சிறுநீர்ப்பை உள்ளவர்களுக்கு அந்தத் தசை பாதி நிரம்புவதற்குள்ளேயே தன்னிஷ்டத்துக்குச் சுருங்குகிறது. திடீரென்று, தள்ளிப்போட முடியாத அவசரம் வரும். பகலில் எட்டுத் தடவைக்கு மேல் போக வேண்டியிருக்கும், இரவில் எழ வேண்டியிருக்கும். சிலருக்குக் கதவைத் திறப்பதற்குள் நனைந்துவிடும். இதுதான் அவசரக் கசிவு.

இருமும்போது, தும்மும்போது, குடத்தைத் தூக்கும்போது மட்டும் கசிந்தால் அது வேறு. அங்கே பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்பு அடித்தளத் தசை தளர்ந்திருக்கிறது, பையில் கோளாறு இல்லை. பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். மூன்றாவது ஒன்று உண்டு, அதைத் தவறவிடக் கூடாது: பை முழுதாகக் காலியாகாமல், நிரம்பி வழிந்து சொட்டுவது. புராஸ்டேட் வீக்கம், நெடுநாள் சர்க்கரை, நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது வரும். வெளியே பார்க்க அவசரக் கசிவு மாதிரியே இருக்கும். இவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

மருத்துவரிடம் முதல் தடவை போகும்போது

கேட்டு வாங்க வேண்டிய சோதனைகள் அதிகமில்லை. சிறுநீர்ப் பரிசோதனை, கிருமி இருக்கும் என்று தோன்றினால் கல்ச்சர் (கிருமியை வளர்த்து எதுவென்று பார்க்கும் சோதனை), ரத்தச் சர்க்கரை, அப்புறம் ஒரு ஸ்கேன். ஸ்கேன் எடுக்கும்போது நீர் நிரம்பியிருக்கையில் ஒரு தடவையும், போய்விட்டு வந்ததும் ஒரு தடவையும் பார்த்து, எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் பின்னால் பல முடிவுகள். 150 மி.லி.க்கு மேல் நின்றால் மருத்துவர் எச்சரிக்கையாகத்தான் மருந்து எழுதுவார்.

எரிச்சலோடு போவதை நாம் நீர்க்கடுப்பு, சூடு என்று சொல்லி மோர் குடித்துச் சமாளிப்போம். ஒரே நாளில் எரிச்சலும் அவசரமும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்று. அதை முதலில் ஆற்ற வேண்டும்.

சில விஷயங்களில் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு உடனே போக வேண்டும். நீரில் ரத்தம், வலி இல்லாவிட்டாலும் சரி. காய்ச்சலோடு முதுகு வலி. நீர் வரவே இல்லாமல் அடிவயிறு உப்புவது. இடுப்பு வலியோடு கால் பலம் குறைந்து, உட்காரும் இடம் மரத்துப்போவது. கடைசியாகச் சொன்னதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

மூன்று நாள் குறிப்பு

இதைச் செய்யாமல் வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு மாத மாத்திரையைவிட இதில் தெரிவது அதிகம் என்பது என் எண்ணம். செலவும் கிடையாது. கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். மி.லி. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக் வாங்கி பாத்ரூமில் வையுங்கள். கோடு இல்லை என்றால், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலால் ஊற்றி அளந்து நீங்களே கோடு போட்டுக்கொள்ளலாம்.

எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போனது, அவசரம் இருந்ததா, நனைந்ததா, அதற்கு முன்னால் என்ன குடித்தேன். இவ்வளவுதான். காபி, மோர், ரசம், இளநீர் எல்லாவற்றையும் எழுத வேண்டும். தூங்கப்போன நேரமும் எழுந்த நேரமும் முக்கியம். மூன்று நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, விசேஷ நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

எழுதியதைப் படிப்பது எளிது. ஒவ்வொரு தடவையும் 80, 100, 150 என்று கொஞ்சமாகவே போனால் மிகைச் செயல் பைக்கான அடையாளம். ஒவ்வொரு தடவையும் 300, 400 என்று நிறையப் போய், ஒரு நாள் மொத்தம் மூன்று லிட்டரைத் தாண்டினால் பைமேல் குற்றம் இல்லை. ஒன்று அதிகம் குடிக்கிறார், இல்லையென்றால் சர்க்கரை ஏறியிருக்கிறது. வயதானவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தூங்கும் நேரத்தில் போனதையும் காலையில் எழுந்ததும் போனதையும் கூட்டுங்கள். அது நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரவில் சிறுநீர் அதிகம் உற்பத்தியாகிறது என்று அர்த்தம். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீரகம் அதை வெளியேற்றும். கால் வீக்கம், இதயப் பலவீனம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம் ஆகியவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவர்களுக்குப் பைக்கான மாத்திரையால் பெரிய பலன் வராது.

குடிப்பதும் சாப்பிடுவதும்

செட்டிநாட்டு வீடுகளில் வந்தவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்புவதில்லை. நாலு வீட்டுக்குப் போனால் நாலு காபி. காபியில் உள்ள காஃபீன் நீரைக் கூட்டும், பையையும் தூண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், ஆகவே இரண்டு வாரத்தில் படிப்படியாக ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டுக்கு வாருங்கள், மாலைக் காபியை முதலில் விடுங்கள். சிக்கரியில் காஃபீன் கிடையாது. சிக்கரி கூடுதலாகக் கலந்த தூளுக்கு மாறுவது ரசிகர்களுக்குப் பாவமாகத் தெரியலாம், ஆனால் வேலை செய்யும். டீயும் இதே கணக்கில்தான் வரும்.

தண்ணீரைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. சிவகங்கைச் சீமை வெயிலில் அது ஆபத்து. நீர் கெட்டியானால் பையை இன்னும் உறுத்தும், மலம் இறுகும், கல்லுக்கும் வழி. ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பொதுவாகச் சரி. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் கூடுதல். இதயம், சிறுநீரகம் பாதித்தவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும். அதைக் காலையிலிருந்து பரவலாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டில் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பதும் தண்ணீர்க் கணக்குதான்.

இன்னொன்று. நீர்த் தொந்தரவு என்றதும் பார்லி தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, நீர்முள்ளி என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இவையெல்லாம் நீரைப் பெருக்கவே கொடுப்பவை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவருக்கு எதற்கு?

காரம் எல்லோருக்கும் ஆகாது என்று சொல்வதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஒரு வாரம் மிளகு, வரமிளகாயைக் குறைத்துப் பாருங்கள். குறிப்பில் வித்தியாசம் தெரியாவிட்டால் பழையபடி சாப்பிடலாம், வீணாகப் பத்தியம் இருக்க வேண்டாம்.

மலச்சிக்கலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நிரம்பிய குடல் பையை அழுத்திக்கொண்டே இருக்கும். கீரை, அவரை, கொய்யா, தண்ணீர், தேவைப்பட்டால் மலமிளக்கி. உடல் எடை அதிகமுள்ளவர்கள் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கசிவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அவசரத்தை அடக்கும் பயிற்சி

வைத்தியத்தின் நடுப்பகுதி இது. அவசரம் வந்ததும் எல்லோரும் ஓடுவோம். ஓடினால் வயிற்றில் அழுத்தம் கூடும், தசை இன்னும் சுருங்கும், நடுவழியிலேயே நனையும். அவசரம் அலை மாதிரி வரும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கும்போதுதான் நடக்க வேண்டும்.

வந்தவுடன் நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் கெட்டியான நாற்காலியில் உட்காருங்கள். வாயு போகாமல் அடக்குவதுபோல அடித்தளத் தசையை ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விடுங்கள். இறுக்கினால் பைக்குச் சுருங்காதே என்று நரம்பு வழியாகச் செய்தி போகிறது. மூச்சை அடக்காதீர்கள், தொடையையும் பின்பக்கத்தையும் சேர்த்து இறுக்க வேண்டாம். மனதை வேறு பக்கம் திருப்ப நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரலாம். கந்தர் சஷ்டிக் கவசம் மனப்பாடமாகத் தெரிந்த ஆச்சிகளுக்குக் கணக்கே வேண்டாம். அலை இறங்கியதும் சாதாரணமாக நடந்து போங்கள்.

இதோடு நேர அட்டவணை. உங்கள் குறிப்பில் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகிறீர்கள் என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஒரு மணிக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும். இடையில் வந்தால் மேலே சொன்ன முறை. ஒரு வாரம் பெரும்பாலும் நனையாமல் ஓடினால் 15 நிமிடம் கூட்டுங்கள். இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளிக்கு வந்தால் போதும். குறைந்தது ஆறு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் ஆகல" என்று விடுகிறவர்கள் நிறைய, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இரவில் அட்டவணை வேண்டாம், எழுந்தால் போய்விட்டு வாருங்கள்.

அடித்தளத் தசைக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். ஆறு முதல் எட்டு நொடி இறுக்கிப் பிடித்து, அதே நேரம் தளர்த்தி, எட்டுப் பத்துத் தடவை. இப்படி நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல் எழுதியதிலிருந்து இது அவர் பெயரிலேயே பரவியது. நீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள், பை முழுதாகக் காலியாகாமல் போகும். சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று சந்தேகம் இருந்தால் பெண் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கும் கணத்தில் அவசரம் பிடுங்கும். தண்ணீர் விழும் சத்தமும் அப்படித்தான். இது பழக்கத்தால் வரும் தூண்டல். கதவருகே வருவதற்கு முன்பே இறுக்கத் தொடங்கிவிடுங்கள். "எதற்கும் ஒருதரம் போயிட்டு வந்துடலாம்" என்று வெளியே கிளம்பும்போதெல்லாம் போவதும் பையைச் சிறிதாகவே பழக்கும்.

வீட்டைப் பாருங்கள்

நம்முடைய பழைய வீடுகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். ஆனால் நள்ளிரவில் அவசரம் வந்த எண்பது வயதுக்காரருக்கு அவை கொடுமை. பலவற்றில் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்பக்க அறையில் படுத்தவர் உள்முற்றமான வளவைக் கடந்து, இரண்டாம் கட்டு தாண்டி, பின்கட்டுக்குப் போக வேண்டும். இடையில் உயரமான நிலைப்படிகள். ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல். இடுப்பெலும்பு முறிவுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

படுக்கையைக் கழிவறைக்குப் பக்கத்தில் மாற்றுங்கள். அதற்குச் சம்மதிக்காவிட்டால் படுக்கையருகே கமோட் சேர் வையுங்கள். ஐயாக்களுக்கு யூரின் பாட்டில் போதும். வழி நெடுக மங்கலான விளக்கு, நிலைப்படி ஓரத்தில் வெள்ளைப் பட்டை, சுவரில் கைப்பிடி. குந்தும் கழிவறையில் மூட்டுவலிக்காரர் உட்காருவதற்குள் நனைந்துவிடும், மேற்கத்திய வகையாக மாற்றுங்கள். பட்டன், ஹூக் வைத்த உடையைத் தவிர்த்து எலாஸ்டிக் வைத்ததைக் கொடுங்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, தனியாக இருக்கும் ஆச்சி ஐயாக்களுக்கு மருந்தைவிட இதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

பேட் வைக்க வேண்டியிருந்தால் மாதவிலக்கு நாப்கினை வாங்காதீர்கள், சிறுநீரை உறிஞ்ச அதற்கென்றே வரும் பேட் வேறு. நனைந்தால் மாற்றி, கழுவி, ஒற்றித் துடைத்து, தோல் சிவந்தால் ஜிங்க் ஆக்சைடு களிம்பு போடுங்கள்.

யாருக்கு என்ன மாறும்

மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்த இடத்துத் தோல் மெலிகிறது, அவசரமும் திரும்பத் திரும்ப வரும் தொற்றும் கூடும். பிறப்புறுப்பில் போடும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இதற்கு உதவும், உடம்பில் சேர்வது மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் கேட்டுவிட்டுப் போட வேண்டும். "அடி இறங்கிருச்சு" என்று சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கும் கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் அதைத் தாங்க உள்ளே வைக்கும் வளையம் அல்லது அறுவைச் சிகிச்சையால் அவசரமும் குறையலாம். எனவே வெட்கப்படாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஐயாக்களுக்கு முதல் கேள்வி புராஸ்டேட். நீர் மெலிதாக வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். வழக்கமாகப் புராஸ்டேட் பகுதித் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மருந்தில் தொடங்கி, அவசரம் மீதம் இருந்தால், மிச்ச நீர் குறைவாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பைக்கான மாத்திரை சேர்ப்பார்கள். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர் கண்புரை அறுவைக்குப் போனால் கண் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும், கருவிழிப் படலம் தொய்ந்து அறுவையைச் சிக்கலாக்கும். நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். அப்புறம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளில் சில இவர்களுக்கு நீரை அடைத்துவிடும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறினாலே நீர் பெருகும். டாபாகிளிப்லோசின், எம்பாகிளிப்லோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகின்றன, அதனாலும் கூடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை செய்யும் நன்மை பெரிது, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காக நீரிறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், இரவில் அதிகம் எழுந்தால், அதைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னதாக, பிற்பகலில் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுப்பதும் உதவும்.

பக்கவாதம், பார்க்கின்சன், முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியோடு நிறுத்த முடியாது. பையின் அழுத்தம் கூடிச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சிறுநீரியல் (யூராலஜி) நிபுணரை ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மறதி நோய் உள்ளவரிடம் பயிற்சி எடுபடாது, பார்த்துக்கொள்பவர்தான் பழக வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை "வாங்க ஆத்தா, போயிட்டு வந்துருவோம்" என்று அழைத்துப் போங்கள், கழிவறைக் கதவைத் திறந்து விளக்கெரிய விடுங்கள். நனைந்ததற்குத் திட்டினால் ஒளித்து வைக்கத் தொடங்குவார்கள். மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில் சிலருக்கு அவசரத்தைக் கூட்டும். அதை அடக்க எதிர்மாறான மாத்திரை சேர்த்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும், மறதியும் மோசமாகும். படுக்கையோடு இருப்பவர்களுக்கு 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம்.

கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி வருவது இயல்பு. தொற்று இல்லை என்று பார்த்துக்கொண்டு பயிற்சியோடு நிறுத்துங்கள், மாத்திரை வேண்டாம். பள்ளியில் கழிவறை சரியில்லை என்று காலை முதல் மாலை வரை குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகளும் மாணவிகளும் வீட்டுக்கு வந்து ஒரேயடியாகக் குடிப்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மலச்சிக்கல், கூடவே விளையாட்டில் அடக்கிக்கொள்வது.

மாத்திரைகள்

இரண்டு வகை. சோலிஃபெனாசின், டோல்டெரோடின், ஆக்ஸிபியூட்டினின் போன்றவை பைத் தசையின் சுருக்கத்தைத் தடுக்கின்றன. வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல் வரும். குறுங்கோண கிளாகோமா (கண் அழுத்த நோயில் ஒரு வகை) கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் போன பிறகும் பையில் நீர் நிற்பவர்களுக்கும் கூடாது. வயதானவர்கள் நெடுநாள் சாப்பிட்டால் மறதி நோயோடு தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுவதால், எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதை எழுதும் முன் யோசிக்க வேண்டும். ஆக்ஸிபியூட்டினின் அந்த வயதில் வேண்டாம் என்பேன்.

மற்றது மிராபெக்ரான். தசையைத் தளர்த்தி அதிகம் பிடித்துவைக்கச் செய்யும், வாய் வறட்சி குறைவு, மூளையைப் பாதிப்பதில்லை. ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால் தொடங்கிய பிறகு அழுத்தத்தைப் பாருங்கள், 180/110க்கு மேல் கட்டுக்கு அடங்காமல் இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. இதயத்துக்கான மெட்டோபிரலால், டிகாக்சின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த மாத்திரையானாலும் நாலு முதல் எட்டு வாரம் கழித்துக் குறிப்பு எழுதிப் பார்த்துத்தான் பலனைச் சொல்ல முடியும்.

அதற்கு மேல்

அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒவ்வொரு படியும் தோற்ற பிறகுதான் அடுத்தது என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. நோயாளி எதை விரும்புகிறார் என்பதையும் சேர்த்து முடிவு செய்யச் சொல்கிறது. பைக்குள் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் மருந்தை 100 யூனிட் ஊசியாகப் போட்டால் சுமார் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் தாங்கும். சிலருக்கு நீர் பையிலேயே நின்று, சிறிது காலம் தாமே குழாய் வைத்து வெளியேற்ற வேண்டிவரும். கை நடுக்கம் உள்ளவரும் கண் தெரியாதவரும் இதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன்னால், குழாய் வைத்துவிட யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணுக்கால் நரம்பில் மெல்லிய ஊசி வழியாக மின்தூண்டல் கொடுக்கும் முறையில் அந்தப் பயம் இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் என 12 வாரம் போக வேண்டும். அது கிடைக்கும் இடம் மதுரையோ திருச்சியோ என்றால், ஒவ்வொரு வாரமும் துணைக்கு வர ஆளும், வழியில் இறங்கிப் போக வசதியான வண்டியும் ஏற்பாடு செய்துகொண்டுதான் முதல் நாளைக் குறிக்க வேண்டும்.